மலைவானில் நகரும் ஒளிப்புள்ளிகள்: பழனி மலையிலிருந்து செயற்கைக்கோள்களைக் காண்பதும் படம்பிடிப்பதும்

பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் இருட்டிய சிறிது நேரத்தில் பத்து இருபது ஒளிப்புள்ளிகள் வரிசையாக, ஓசையே இல்லாமல் வானத்தைக் கடந்து, நடுவானில் ஒன்றன்பின் ஒன்றாக மறைவதைக் கண்டவர்கள் உண்டு. இப்படிப்பட்ட காணொளிகள் வாட்ஸ்அப்பில் சுற்றும்போதெல்லாம் பறக்கும் தட்டு, ஏவுகணைச் சோதனை, எரிகல் மழை என்று ஆளுக்கொரு விளக்கம் கூடவே வருகிறது. மேகமற்ற மாலையில் மன்னவனூரிலோ பூம்பாறையிலோ அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் நகரும் ஒளிப்புள்ளி ஒன்றாவது கண்ணில் படும் என்ற நிலை வந்துவிட்ட பிறகு, அது என்ன என்று கண்டறியும் முறையை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

அந்த முறை கடினமானதல்ல. எந்த இடத்திலிருந்து, எந்த நேரத்தில், எந்தத் திசையில் தெரிந்தது என்ற மூன்று விவரங்களும், பூமியின் நிழல் இரவு வானில் எப்படிப் பரவுகிறது என்ற புரிதலும் இருந்தால் பெரும்பாலான ஒளிகளை ஐயமின்றி அடையாளம் காணலாம். இவற்றில் நிழலைப் பற்றிய புரிதல்தான் முதன்மையானது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் படித்துவிட்டு நம் மலையில் வானம் பார்ப்பவர்கள் குழம்புவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தெரிவது விளக்கு அல்ல, வெயில்

வெறுங்கண்ணுக்குத் தெரியும் செயற்கைக்கோள் எதுவும் தன் விளக்கால் தெரிவதில்லை. அதன் சூரியத் தகடுகளிலும் உலோக உடலிலும் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியே நம்மை வந்தடைகிறது. ஆகவே ஒரு செயற்கைக்கோள் கண்ணுக்குத் தெரிய மூன்று நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேற வேண்டும்.

1. செயற்கைக்கோள் இருக்கும் உயரத்தில் வெயில் இருக்க வேண்டும்.
2. பார்ப்பவர் நிற்கும் இடத்தில் சூரியன் மறைந்து, வானம் போதிய அளவு இருண்டிருக்க வேண்டும்.
3. செயற்கைக்கோள் அடிவானத்துக்கு மேலே இருப்பதோடு, அதிலிருந்து திரும்பும் ஒளி கண்ணுக்கு எட்டும் அளவுக்கு இருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையை அளக்க வானியலாளர்கள் பொலிவெண் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். இது தலைகீழான அளவு: எண் குறையக் குறைய ஒளி கூடும். ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேறுபாடு உண்டு. இருண்ட மலைவானில் கண்ணுக்கு எட்டும் எல்லை 6. இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸின் பொலிவெண் −1.5, வெள்ளிக் கோளுடையது −4-ஐத் தாண்டும். சுமார் 109 மீட்டர் நீளமுள்ள சர்வதேச விண்வெளி நிலையம் நல்ல நிலையில் தலைக்கு மேலே கடக்கும்போது −4-ஐ ஒட்டி, வெள்ளிக்கு நிகராக ஒளிரும்.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு முதல் செயற்கைக்கோளே சான்று. 1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட ஸ்புட்னிக்-1 வெறும் 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலோகப் பந்து. அதைக் கண்ணால் கண்டதாகச் சொன்ன பெரும்பாலோர் உண்மையில் கண்டது அதனுடன் சுற்றுப்பாதைக்குச் சென்ற ராக்கெட்டின் பெரிய உடற்பகுதியைத்தான். கைவிடப்பட்ட ராக்கெட் பகுதிகள் இன்றும் இரவு வானில் தெரியும் பிரகாசமான பொருள்களில் கணிசமான பங்கு வகிக்கின்றன.

பூமியின் நிழலும் பத்தாம் பாகையும்

கொடைக்கானல் ஏறத்தாழ 10.2 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் சூரியன் அடிவானத்தைச் செங்குத்தாகத் துளைத்து இறங்குவதால் அந்தி ஒளி விரைவில் அடங்கிவிடும். செயற்கைக்கோள் பார்ப்பவருக்கு இதன் விளைவு மிகப் பெரியது.

கணக்கு எளிமையானது. சூரியன் நம் அடிவானத்துக்குக் கீழே இறங்க இறங்க, பூமியின் நிழல் நம் தலைக்கு மேல் உயர்ந்துகொண்டே போகிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் நேர் உச்சியில் இருக்கும் ஒரு பொருள், சூரியன் ஏறத்தாழ 20 பாகை கீழே இறங்கும்வரை வெயிலில் இருக்கும். 550 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதற்கு இந்த எல்லை 23 பாகை. கொடைக்கானலில் ஜனவரி மாதத்தில் சூரியன் மறைந்து இந்த நிலைகளை அடைய முறையே ஏறத்தாழ 80 நிமிடங்களும் 95 நிமிடங்களும் ஆகின்றன. மறைவுக்குப் பிந்திய முதல் 25 நிமிடங்கள் வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும் என்பதால், தலைக்கு மேலே தாழ்பாதைச் செயற்கைக்கோள்களைக் காணக் கிடைக்கும் நேரம் மாலையில் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மேற்கு அடிவானத்தை ஒட்டி மேலும் சிறிது நேரம் தெரியும். விடியலுக்கு முன் இதே அளவு நேரம் மறுபடியும் கிடைக்கும்.

லண்டனோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே ஜூன் மாத நள்ளிரவில்கூடச் சூரியன் 15 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே விண்வெளி நிலையத்தை அங்கே இரவு முழுவதும், ஒவ்வொரு சுற்றிலும் காணும் வாய்ப்பு உண்டு. கொடைக்கானலில் அதே நாள் நள்ளிரவில் சூரியன் 56 பாகை கீழே இருக்கும். அப்போது நேர் உச்சியில் வெயில் படவேண்டுமானால் பொருள் 5,100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். டிசம்பர் நள்ளிரவில் இந்த உயரம் 21,000 கிலோமீட்டரையும் தாண்டிவிடுகிறது. எனவே நம் மலையில் நள்ளிரவில் உச்சிவானத்தைப் பளிச்சென்று கடக்கும் ஒளியை எவரேனும் கண்டால், அது விண்வெளி நிலையமோ இணையச் செயற்கைக்கோளோ அல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். இந்த ஒரு சோதனையே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

நிழலுக்குள் நுழையும் தருணத்தையும் கண்ணால் காணலாம். மாலையில் பூமியின் நிழல் கிழக்கிலிருந்து ஏறுகிறது. தென்மேற்கிலோ வடமேற்கிலோ தோன்றும் விண்வெளி நிலையம் உச்சியை நெருங்குகையில் வெண்மஞ்சளாகப் பளிச்சிட்டு, கிழக்குப் பக்கம் சரியும்போது சில நொடிகளுக்குள் செம்மை படர்ந்து மங்கி, அடிவானத்தைத் தொடாமலே அணைந்துவிடும். அந்தச் செம்மை, பூமியின் வளிமண்டலத்தை விளிம்போரமாக ஊடுருவி வந்த சூரிய ஒளியின் நிறம். நிலையத்தில் இருப்பவர்களுக்கு அது சூரியன் மறையும் தருணம். பைனாகுலரில் இந்த நிறமாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அட்சரேகை இன்னொரு வகையிலும் நம் வானத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு செயற்கைக்கோளின் பாதை நிலநடுக்கோட்டுத் தளத்தோடு ஏற்படுத்தும் கோணம் அதன் சாய்வுக்கோணம் எனப்படும். விண்வெளி நிலையத்துக்கு அது 51.6 பாகை. 53 பாகைச் சாய்வுள்ள செயற்கைக்கோள்கள் தம் பாதையின் வடக்கு, தெற்கு எல்லைகளை ஒட்டித்தான் அதிக நேரம் செலவிடுகின்றன. அதனால் 50-ஆம் பாகையில் இருப்பவரின் தலைக்கு மேல் அவை குவியும் அடர்த்தி, பத்தாம் பாகையில் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். மறுபுறம், 28.5 பாகைச் சாய்வுள்ள ஹப்பிள் தொலைநோக்கி லண்டன்காரர்களுக்கு எட்டாதது. நமக்கோ வானத்தில் உயரமாகவே கடக்கும். 2015 செப்டம்பரில் இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட்டின் சாய்வு வெறும் 6 பாகை. ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேர இடைவெளியில் ஒவ்வொரு சுற்றிலும் அது நம் தென்வானத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து செல்கிறது. மங்கலானதுதான், ஆனால் அதைத் தேடிப் பிடிப்பதற்குப் பழனி மலையைவிட வாய்ப்பான இடங்கள் குறைவு.

வரிசையாகப் போகும் ஒளிகள்

செய்திகளில் அதிகம் அடிபடும் ஒளி வரிசை ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களுடையது. 2019 மே மாதத்தில் ஒரே ராக்கெட்டில் 60 செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டபோது உலகம் இக்காட்சியை முதன்முறையாகக் கண்டது. இப்போது ஒரு ராக்கெட்டில் இருபதுக்கு மேற்பட்டவை செல்கின்றன. அவை முதலில் 300 கிலோமீட்டரை ஒட்டிய தாழ்ந்த பாதையில், ஒரே தடத்தில், நெருக்கமாக விடப்படுகின்றன. சில நாட்களிலேயே இடைவெளி கூடத் தொடங்கி, சில வாரங்களில் ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு உயர்ந்துவிட, வரிசை கலைந்துவிடும். ஆகவே ஒளி வரிசையைக் கண்டோம் என்றால், அதற்குச் சில நாட்களுக்கு முன் ஒரு ஏவுதல் நடந்திருக்க வேண்டும். ஏவுதல் பட்டியலோடு ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும்.

வரிசையிலுள்ள ஒளிகள் ஒவ்வொன்றும் வானத்தின் ஒரே இடத்துக்கு வந்ததும் மறைவதுதான் பார்ப்பவரை மிகவும் திகைக்க வைக்கிறது. அங்கே ஏதோ ஒரு வாசல் இருப்பதைப் போன்ற தோற்றம் உண்டாகிறது. அந்த இடம் நிழலின் விளிம்பு. ஒரே தடத்தில், ஒரே உயரத்தில் வருபவை ஒரே புள்ளியில் நிழலுக்குள் நுழைகின்றன.

இந்தியாவில் ஸ்டார்லிங்க் சேவைக்கு 2025-இல் அரசு உரிமம் வழங்கியதையும் இந்தக் காட்சியையும் தொடர்புபடுத்தும் பதிவுகள் பிழையானவை. தாழ்பாதைச் செயற்கைக்கோள் எந்த நாட்டின் மேலும் நிற்காது; சேவை உள்ள நாடு, இல்லாத நாடு என்ற வேறுபாடு அதன் பாதைக்குக் கிடையாது. 2019 முதலே அவை நம் மேலே கடந்துகொண்டுதான் இருக்கின்றன.

எது எது என்று பிரித்தறிதல்

1. விமானம்: சிவப்பும் பச்சையுமாக விளக்குகளும், சீரான இடைவெளியில் மின்னும் வெள்ளை விளக்கும் இருக்கும். வேகத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானமும் 400 கிலோமீட்டரில் பறக்கும் நிலையமும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர்வதாகவே தோன்றும். படத்தில் விமானத்தின் தடம் புள்ளிபுள்ளியாகவும், செயற்கைக்கோளின் தடம் அறுபடாத கோடாகவும் பதியும்.

2. செயற்கைக்கோள்: மின்னாது. வானத்தைக் கடக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். திசை மாறாது.

3. உருளும் ராக்கெட் உடல்: சில நொடிகளுக்கு ஒருமுறை சீராகப் பளிச்சிட்டு மங்கும். கட்டுப்பாடற்றுத் தலைகீழாகச் சுழல்வதன் அடையாளம் இது.

4. எரிநட்சத்திரம்: ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும்.

5. வளிமண்டலத்தில் எரிந்து விழும் விண்கழிவு: எரிநட்சத்திரத்தைவிட மிக மெதுவாக, அரை நிமிடத்துக்கும் மேலாக, பல துண்டுகளாகப் பிரிந்து, வால்களோடு நகரும். 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மக்கள் கண்டது இதுவே. எரிகல் மழை என்று பலர் பகிர்ந்த அந்தக் காட்சிக்குப் பின், சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று கிடைத்தது. 2021-இல் ஏவப்பட்ட சீன ராக்கெட்டின் பகுதி அன்று அவ்வழியே விழவேண்டியிருந்தது என்பதைச் சுற்றுப்பாதைக் கணக்குகள் காட்டின.

6. வெள்ளி, வியாழன் போன்ற கோள்கள்: நகராது. மலைமுகட்டின் மேல் மேகம் விரையும்போது நகர்வதுபோல் தோன்றும். ஒரு மரக்கிளையையோ கூரை விளிம்பையோ அடையாளமாக வைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

எப்போது வரும் என்று அறிவது

ஒவ்வொரு செயற்கைக்கோளின் பாதையும் இரண்டு வரிகளில் அடங்கும் எண்களாக வெளியிடப்படுகிறது. இருவரித் தரவு எனப்படும் இதை அமெரிக்க ராணுவத்தின் கண்காணிப்பு அமைப்பு தொகுக்கிறது, டி. எஸ். கெல்சோ 1985-இல் தொடங்கிய செலஸ்ட்ராக் சேவை பொதுமக்களுக்கு எளிதில் கிடைக்கச் செய்கிறது. ஒவ்வொரு வரியும் 69 எழுத்திடங்கள் கொண்டது. விண்வெளி நிலையத்தின் தரவை எடுத்துக்கொண்டால், தொடக்கத்தில் 25544 என்ற அதன் பட்டியல் எண்ணும், இரண்டாம் வரியில் சாய்வுக்கோணமும், வரியின் பிற்பகுதியில் ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பதைக் குறிக்கும் 15.5-ஐ ஒட்டிய எண்ணும் காணப்படும். ஹெவன்ஸ்-அபவ் போன்ற இணையதளங்களும் கைப்பேசிச் செயலிகளும் இந்த எண்களையும் நம் இருப்பிடத்தையும் வைத்தே, இத்தனை மணிக்கு இந்தத் திசையில் தோன்றும், இந்த இடத்தில் நிழலுக்குள் மறையும் என்று கணிக்கின்றன.

இந்தத் தரவுக்கு ஆயுள் குறைவு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. தாழ்பாதையில்கூட மிக மெல்லிய காற்று உண்டு. அதன் உராய்வு பாதையைச் சிறிது சிறிதாக மாற்றுகிறது. சூரியப் புயல் வீசினால் மேல்வளிமண்டலம் சூடேறி விரிந்து உராய்வு கூடும். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 வரை இப்படித்தான் இழக்கப்பட்டன. 1901 முதல் சூரியனை நோக்கிவரும் கொடைக்கானல் வானாய்வகம் இருக்கும் அதே மலையில், சூரியனின் கொந்தளிப்பு ஒரு செயற்கைக்கோளின் வருகையைச் சில நொடிகள் முன்னதாக்குவதை வீட்டு மொட்டை மாடியிலிருந்தே பதிவு செய்ய முடியும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆகவே பார்க்கப் போகும் நாளன்றே தரவைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

படம்பிடித்தல்

முதலில் ஒரு கருத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விண்மீன்களைப் படமெடுக்கும்போது எக்ஸ்போஷர் நேரத்தை, அதாவது கேமரா ஒளியைப் பதியும் நேரத்தை, கூட்டினால் ஒளி சேர்ந்துகொண்டே போகும். செயற்கைக்கோளுக்கு இந்த விதி பொருந்தாது. விண்வெளி நிலையம் உச்சியில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது. முழுச்சட்டகக் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்தினால், அதன் ஒளி ஒரு நொடிக்குள் சுமார் எழுபது பிக்சல்களைக் கடந்துவிடும். அதாவது ஒவ்வொரு பிக்சலிலும் அது தங்கும் நேரம் ஒரு நொடியில் எழுபதில் ஒரு பங்குதான். எக்ஸ்போஷரைப் பத்து நொடியிலிருந்து முப்பது நொடியாக்கினால் கோடு மூன்று மடங்கு நீளுமே தவிர, சிறிதும் பிரகாசமாகாது. மாறாக, பின்னணி வானத்தின் ஒளி மூன்று மடங்கு சேர்ந்து கோட்டை அமுக்கிவிடும். மங்கலான செயற்கைக்கோளைப் பிடிக்க வேண்டுமானால் லென்ஸின் அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) அகலத் திறக்கவும் ஐஎஸ்ஓவைக் (ஒளியுணர்திறன் அளவைக்) கூட்டவும் வேண்டுமே தவிர, நேரத்தைக் கூட்டக் கூடாது. தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நடைமுறை இவ்வாறு அமையலாம்.

1. உறுதியான முக்காலியில் கேமராவைப் பொருத்தி, ஷட்டரை ரிமோட் மூலமோ இரண்டு நொடி டைமர் மூலமோ இயக்க வேண்டும்.

2. லென்ஸைக் கைமுறைக் குவியத்துக்கு மாற்றி, திரையில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை குவியத்தைச் சரிசெய்ய வேண்டும். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். குளிரில் அது விலகும்.

3. விண்வெளி நிலையத்துக்கு எஃப் 4, ஐஎஸ்ஓ 400 முதல் 800, பத்து நொடி என்று தொடங்கலாம். ஸ்டார்லிங்க் போன்றவற்றுக்கு எஃப் 2.8 அல்லது அதைவிட அகலம், ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 தேவைப்படும்.

4. ஒரே நீண்ட படத்துக்குப் பதிலாக, இடைவெளி குறைந்த பல படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து, பின்னர் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது சிறந்தது. ஒரு படம் கெட்டாலும் மற்றவை மிஞ்சும்.

5. கோப்புகளை ரா வடிவில் சேமிக்க வேண்டும். இரைச்சல் நீக்கும் வசதிகள் மங்கலான கோட்டையும் இரைச்சலாகக் கருதி அழித்துவிடும்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் தானியங்கி இரவு முறையைத் தவிர்த்து, கைமுறை அமைப்பைப் பயன்படுத்த வேண்டும். இரவு முறை பல படங்களை எடுத்து அவற்றின் சராசரியை உருவாக்குகிறது. நகரும் பொருள் ஒவ்வொரு படத்திலும் வேறிடத்தில் இருப்பதால், மென்பொருள் அதைப் பிழை என்று கருதித் துண்டாக்கவோ நீக்கவோ கூடும். வானில் வெட்டுப்பட்ட மர்மக் கோடு என்று பகிரப்படும் சில படங்களின் பின்னணி இதுவாக இருக்க முடியும்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் படிக்கவும் பழக வேண்டும். நிழலுக்குள் நுழையும் செயற்கைக்கோளின் கோடு வெட்டியதுபோல் முடிவதில்லை. இறுதிச் சில பாகைகளில் மெலிந்து, நிறம் செம்பழுப்பாக மாறித் தேய்கிறது. எக்ஸ்போஷர் முடிந்ததால் நின்ற கோடோ கூர்மையாக, முழுப் பிரகாசத்தோடு அறுந்து நிற்கும். கோட்டின் நடுவில் ஓரிடம் மட்டும் தடித்து இருபுறமும் சீராக மெலிந்தால், தட்டையான ஒரு பரப்பு சூரியனைக் கணநேரம் நம் பக்கம் திருப்பிக் காட்டியது என்று பொருள். எரிநட்சத்திரத்தின் தடமும் நடுவில் தடிக்கும்; ஆனால் அது அடுத்தடுத்த படங்களில் தொடராது.

மலையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே பழனி மலையில் தெளிவான வானத்துக்கு உகந்தவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாலையில் மூடுபனி இறங்கிவிடும். தெளிந்த இரவுகளில் லென்ஸின் முன்கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து பனி படிவதால் படங்கள் மெல்ல மெல்ல மங்கும். பவர் பேங்கில் இயங்கும் வெப்பப் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டினால் இது தவிர்க்கப்படும். கொடைக்கானல் ஊருக்குள்ளிருந்து தெற்கே பெரியகுளம், தேனிப் பக்கமும், கிழக்கே வத்தலக்குண்டுப் பக்கமும் அடிவானம் ஊர் விளக்குகளால் வெளுத்திருக்கும். மேல்மலைக் கிராமங்களில் இந்தத் தொல்லை குறைவு. இருட்டில் காட்டுமாடுகள் சாலையிலும் தோட்டங்களிலும் நடமாடுகின்றன. வனப்பகுதிக்குள் இரவில் செல்ல அனுமதியும் இல்லை. வீட்டு மாடியோ, தங்கும் விடுதியின் முற்றமோ போதும். செயற்கைக்கோளுக்குத் தனிமையான முகடு தேவையில்லை.

தொலைநோக்கி வழியாக நிலையத்தின் வடிவத்தைப் படமெடுப்பதும் இயலும். 420 கிலோமீட்டர் தொலைவில் அதன் தோற்ற அளவு வியாழன் கோளுக்குச் சற்றே கூடுதல். அதை விடாமல் தொடர்வதுதான் கடினம். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எக்ஸ்போஷரில் காணொளியாக எடுத்து, நல்ல சட்டகங்களைப் பொறுக்குவார்கள். சூரியனின் முகத்தைக் குறுக்கே கடக்கும் நிலையத்தைப் படமெடுக்க விரும்புவோர், தொலைநோக்கியின் முன்புறத்தில் உரிய சூரிய வடிகட்டி பொருத்தாமல் ஒருபோதும் முயலக் கூடாது. கண் நிரந்தரமாகப் பறிபோகும். அந்தக் கடப்பு ஒரு நொடிகூட நீடிக்காது.

நகராத செயற்கைக்கோள்கள்

தொலைக்காட்சிக்கும் வானிலைக்கும் பயன்படும் இன்சாட், ஜிசாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால் வானில் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. இவற்றைப் படமெடுப்பதில் மேலே சொன்ன விதி தலைகீழாகிறது. கேமரா அசையாமல் நிற்க, விண்மீன்கள் கோடுகளாக நீளும். புவிநிலைச் செயற்கைக்கோளோ ஒரே பிக்சலில் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருப்பதால், நேரம் கூடக் கூட அது புள்ளியாகத் துலங்கும்.

கொடைக்கானலிலிருந்து இவை அமைந்துள்ள வளையம் வான நடுக்கோட்டுக்கு (நிலநடுக்கோட்டை வானில் நீட்டினால் அமையும் கற்பனைக் கோட்டுக்கு) ஏறத்தாழ 1.8 பாகை தெற்கே தெரியும். தென்திசையில் அதன் உயரம் அடிவானத்திலிருந்து 78 பாகை. அதாவது, உச்சிக்கு மிக அருகே, காற்றின் தடிமன் மிகக் குறைந்த பகுதியில் அது இருக்கிறது. வடக்கே உள்ள நாடுகளுக்குக் கிடைக்காத சலுகை இது. இவை சாதாரணமாக வெறுங்கண்ணுக்கு எட்டாதவை. ஆனால் மார்ச், செப்டம்பர் மாதங்களில் சமஇரவு நாட்களை ஒட்டிய வாரங்களில், பூமியின் நிழலுக்குள் நுழையும் முன்னும் வெளிவந்த பின்னும், இவற்றின் தட்டையான தகடுகள் சூரியனை ஏறக்குறைய நேராக நம் பக்கம் திருப்புவதால் பொலிவு பன்மடங்கு கூடிப் பைனாகுலருக்கு எட்டும். தாழ்பாதைச் செயற்கைக்கோள் எதுவும் தெரியாத நள்ளிரவில் செய்யத்தக்க வேலை இது. மூன்று நான்கு நிமிட எக்ஸ்போஷரில், சாய்ந்து நீளும் விண்மீன் கோடுகளுக்கிடையே அசையாத புள்ளிகள் ஒரே வரிசையில் இருப்பதைக் காணலாம்.

பார்வை எப்போது சான்றாகிறது

தனி ஆர்வலர்களின் கவனிப்பு பெரிய கண்டுபிடிப்புகளுக்கு வழிவகுத்திருக்கிறது. இங்கிலாந்தின் கெட்டரிங் நகரப் பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரி, மாணவர்களோடு சேர்ந்து செயற்கைக்கோள்களின் வானொலிச் சைகைகளைக் கேட்டு, சோவியத் ஒன்றியம் அறிவிக்காமல் வைத்திருந்த பிளெசெட்ஸ்க் ஏவுதளம் இருப்பதை 1966-இல் வெளிப்படுத்தினார். நாசா 2005 டிசம்பரில் தொடர்பை இழந்த இமேஜ் செயற்கைக்கோள் இன்னும் உயிரோடு ஒலிபரப்புவதை 2018 ஜனவரியில் கண்டறிந்தவர் கனடாவைச் சேர்ந்த ஸ்காட் டில்லி என்ற ஆர்வலர்.

இத்தகைய பயன் விளைய, பதிவில் நேரம் துல்லியமாக இருக்க வேண்டும். தாழ்பாதைச் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் செல்வதால், கேமராக் கடிகாரம் ஒரு நொடி பிசகினால் பொருளின் இடம் அத்தனை கிலோமீட்டர் பிசகும். கேமராக் கடிகாரங்கள் நாளடைவில் விலகுபவை. படமெடுக்கும் முன்னும் பின்னும் வலையமைப்போடு ஒத்திசைந்த கைப்பேசிக் கடிகாரத்தின் திரையை அதே கேமராவில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிசகைப் பிறகு கணக்கிட்டு நீக்கலாம். எக்ஸ்போஷர் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம் ஆகியவை படத்தோடு இருந்தால், கோட்டின் இரு முனைகளைச் சுற்றியுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு அது எந்தச் செயற்கைக்கோள் என்று நிறுவ முடியும். வாட்ஸ்அப்பில் பலமுறை பகிரப்பட்டு, நேரமும் இடமும் உரிந்துபோன காணொளியில் இவை எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே மூலக் கோப்பைப் பாதுகாப்பது அவசியம்.

இனி வரும் வானம்

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அவற்றின் பொலிவைக் குறைக்க நிறுவனம் சில மாற்றங்களைச் செய்திருந்தாலும், சர்வதேச வானியல் ஒன்றியம் கோரும் 7 என்ற பொலிவெண் எல்லையைப் பல செயற்கைக்கோள்கள் எட்டவில்லை. பரப்பு பெரிதாகப் பெரிதாகச் சிக்கல் கூடுகிறது. 2022 செப்டம்பரில் ஏவப்பட்ட, ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் நிறுவனத்தின் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளான புளூவாக்கர்-3, தன் 64 சதுர மீட்டர் ஆண்டெனாவை விரித்த பின் 0.4 பொலிவெண் வரை ஒளிர்ந்தது. வானில் அவ்வளவு பிரகாசமான விண்மீன்கள் மிகச் சிலவே. அதே நிறுவனத்தின் அடுத்த தலைமுறையான, 200 சதுர மீட்டருக்கும் அதிக ஆண்டெனாப் பரப்புள்ள, சுமார் 6,100 கிலோ எடையுள்ள புளூபேர்ட் செயற்கைக்கோளை 2025 டிசம்பர் 24 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் எல்விஎம்-3 ராக்கெட் சுமந்து சென்றது. ஏவுதலின் சாதனையைக் கொண்டாடிய செய்திகளில், அது இரவு வானில் எவ்வளவு ஒளிரும் என்ற கேள்விக்கும் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

நம் அட்சரேகையில் ஒளிவழி வானியலுக்கு நிழல் ஓரளவு காவலாக இருக்கிறது. ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி போன்றவற்றுக்கு, இரவின் நடுப்பகுதி தாழ்பாதைச் செயற்கைக்கோள்களின் கோடுகளிலிருந்து பெருமளவு விடுபட்டே கிடைக்கும். அந்தியிலும் விடியலிலும் மட்டுமே செய்யக்கூடிய பணிகளுக்கு, குறிப்பாகச் சூரியனுக்கு அருகே தெரியும் சிறுகோள்களைத் தேடுவதற்கு, இந்தக் காவல் இல்லை.

வானொலி வானியலுக்கோ நிழல் எந்த நேரத்திலும் உதவாது. இருளிலும் வெயிலிலும் செயற்கைக்கோள் மின்னணுக் கருவிகள் இயங்கிக்கொண்டே இருக்கும். உதகைக்கு அருகே முத்தொரையில், கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் மலைச்சரிவையே பூமியின் அச்சுக்கு இணையாகப் பயன்படுத்தி 1970-இல் அமைக்கப்பட்ட 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. வானியலுக்கென ஒதுக்கப்பட்ட 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் அது அடங்குகிறது. பன்னாட்டு விதிகள் செயற்கைக்கோள்கள் வேண்டுமென்றே ஒலிபரப்பும் அலைகளைத்தான் முறைப்படுத்துகின்றன. 2023-இல் ஐரோப்பாவின் லோஃபார் வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு கவனிக்கப்பட்ட 68 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 47-இலிருந்து 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் வரையில் வந்த கசிவு, ஒலிபரப்பு அல்ல. உள்ளே இயங்கும் மின்னணுக் கருவிகளிலிருந்து தானாக வெளியேறியது. அத்தகைய கசிவுக்குச் செயற்கைக்கோள்களைப் பொறுத்தவரை இதுவரை வரம்பு விதிக்கப்படவில்லை.